புல்வெளியில் விரித்த வெள்ளைத் துணி

அமியான்,
1916 ஏப்ரல் 3

மகன் ஃபிர்மனுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்குக் குறைவில்லை. மண்ணை உழச் சொன்னேன், நீ வானத்துக்குப் போனாய். போகட்டும். ஜெர்மானியர் பிடித்த நம் ஊரின் மேல் பறப்பதாக எழுதியிருந்தாய். "பசு கன்னு போடட்டும், நீங்க முன்னாடி போங்க" என்று பின்தங்கிய உன் அம்மா உயிரோடு இருக்கிறாளா? பதினெட்டு மாதமாக ஒரு சொல் வரவில்லை. அதைப் பார்த்துச் சொல். மற்றது வேண்டாம்.

உன் அப்பா,
அன்செல்ம்

ஏப்ரல் 11

அன்புள்ள அப்பா,

தணிக்கைக்குத் தப்ப, வேலையாக அடிக்கடி அங்கே வரும் நண்பன் மார்சியலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா இருக்கிறாள்! திங்கட்கிழமைதோறும் நம் புல்வெளியில் படுக்கை விரிப்புகள் வெயிலில் கிடக்கின்றன. அவள் பழக்கம்தானே!

எங்கள் குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துத் தந்தியடித்துத் திருத்துவது என் வேலை. கீழிருந்து வரும் தந்தியை வாங்க விமானத்தில் கருவி இல்லை. அதனால் பீரங்கிக்காரர்கள் தரையில் வெள்ளைத் துணி விரித்துப் பதில் சொல்வார்கள். அம்மாவும் எனக்கு அப்படித்தான் சொல்கிறாள்.

உங்கள் ஃபிர்மன்

ஏப்ரல் 19

அப்பா,

இதுவும் மார்சியல் கையில்தான். நம் பழத்தோட்டத்தில் நான்கு ஜெர்மன் பீரங்கிகள். தினமும் எங்கள் ஆட்கள் சாகிறார்கள். திங்களன்று நல்ல வெயில். புல்வெளியில் ஒரு துணிகூட இல்லை. செவ்வாயும் இல்லை. ஊரைக் காலிசெய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"உன் வீடாச்சேப்பா. உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்றார் கேப்டன்.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

இன்று காலை முதல் குண்டு கிணற்றடியில் விழுந்தது. திருத்தினேன். இரண்டாவது கூரையில். பிறகு பீரங்கிகள் ஒழிந்தன. வீடும் இல்லை. அம்மா எங்காவது பத்திரமாக இருப்பாள், இல்லையா?

ஃபிர்மன்

ஏப்ரல் 23, ஈஸ்டர்

ஃபிர்மன்,

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் நம் ஊரில் எவள் துணி துவைப்பாள்? துவைத்தால் வீட்டில் ஒருவருக்குச் சவத்துணி துவைத்ததாகும் என்று உன் அம்மா தொட்டிப் பக்கமே போகமாட்டாள். சட்டை அழுக்கென்று நீ அழுதபோது, "ஒரு வாரம் அழுக்குச் சட்ட போட்டா செத்தா போயிடுவே?" என்று முதுகில் ஒன்று வைத்தாளே, மறந்துவிட்டதா?

முப்பது வயதில், விதைக்கடைப் பட்டியலைப் பார்த்துத் தானாக எழுத்துக் கற்றவன் நான். பள்ளிக்கூடத்துக்குப் போன உனக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியவில்லை.

மே முதல் தேதி திங்கட்கிழமை. போய்ப் பார். வெள்ளை தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

அன்செல்ம்

மே 20

ஃபிர்மன்,

மார்சியல் வந்தான். நீ நலம், தினமும் பறக்கிறாய் என்றான்.

"ஏதாவது குடுத்தனுப்பினானா?"

"இல்ல பெரியவரே" என்று கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று திங்கட்கிழமைகள் போய்விட்டன. பிறந்தது முதல் நீ என் சொல்லைக் கேட்டது இந்த ஒரு முறைதான்.

அன்செல்ம்