யானைக் கோணியும் துரையின் பைனாகுலரும்

என் அருமை அண்ணா,

நீ உயிரோடு இருந்தபோது சொல்ல வாய் வராததை, முப்பது வருஷம் கழித்து ஊர் படிக்க எழுதுகிறேன்.

நம் தீவில் வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்து கொடி மாறப்போகிறது. பயந்துபோன துரைமார் வீட்டைக் காலி செய்து கப்பல் ஏறுகிறார்கள். நம் கரும்புத் தோட்டத்துத் துரையின் குடும்பமும் கிளம்பியது. கியூர்பிப் ஊரில் எனக்குப் பழைய சாமான் கடை இருக்கிறது அண்ணா. அவர்கள் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் மொத்தமாக வாங்கி இறக்கினேன். அடியில், தோல் உறைக்குள், துரை குதிரைமேல் இருந்து கூலிகளான நம்மைப் பார்த்த பைனாகுலர்.

உபயோகம் சொல்லத் தெரியாதவன் சாமான் விற்க முடியாது. மாலுமி இதில் கரை தேடினான், தளபதி எதிரியைத் தேடினான் என்பேன். யுத்தத்தில் நம் தெற்குக் கரையில் காவல் நின்றவர்கள் கடலையே பார்த்துக் கிடந்ததைச் சொல்வேன். பந்தயக்காரனிடம் குதிரையைப் பற்றிப் பேசுவேன். கூலியைப் பார்த்த உபயோகத்தை மட்டும் சொல்வதில்லை.

போன வாரம் அண்ணி கடைக்கு வந்தார்.

"அந்த மிசியே துரையோடதுதானே இது, தம்பி?"

"ஆமா அண்ணி."

கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தார். "ரொட்டிக்காரன் மூக்கு நல்லாத் தெரியுது. ஒன் மூக்கவிடப் பெருசு." சிரித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "இவ்வளவு கிட்டத் தெரியுற சாமான்ல ஆள் அடையாளம் எப்படித் தப்பும்? அன்னிக்கு ஒன் அண்ணன் ஜுரத்துல படுத்திருக்கார்னு விட்டுட்டுப் போனேன். நான் போனதும் எந்திரிச்சு வேலைநிறுத்தக் கூட்டத்துக்குப் போயிட்டாரோ? எங்கிட்டயே மறைச்சுட்டாரோ?"

நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் அதை எடுத்துக்கொண்டு மழையோடு மேட்டில் ஏறினேன். கண்ணில் வைத்துப் பார்த்தேன். கீழே தேயிலை பறிக்கிறவர்கள், மழைக்குத் தலையில் கோணி மடித்துப் போட்டிருந்தார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. கோணியில் அச்சடித்த எழுத்து மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலைநிறுத்தத்தன்றும் இதே மழை, என் கோணி நனைந்து கிடந்தது. ஆணியில் தொங்கிய உன்னுடையதைப் போட்டுக்கொண்டு போய், கூட்டத்தில் முன்னால் நின்று கத்தியவன் நான். பச்சை யானை போட்ட அரிசிக் கோணி தோட்டத்திலேயே உன்னிடம்தான் இருந்தது. துரை பைனாகுலரில் பார்த்தது முகத்தை அல்ல, அந்த யானையை. கூலிகளை மேய்த்த சர்தாருக்கு உன்மேல் பகை, அவன்தான் உன் பேரைச் சொன்னான் என்று இத்தனை காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

சர்தார் வந்து, "முன்னால நின்னது நீதானே?" என்றான். நீ ஆணியில் சொட்டிக்கொண்டிருந்த கோணியைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "ஆமா" என்றாய்.

தோட்டத்து வீட்டை விட்டு உன்னை விரட்டி, சட்டி பானையை மழையில் எறிந்தார்கள். ஜுரத்தோடு செமின் கிரனியே ஊர் வரை நடந்தாய். எட்டாம் நாள் போய்விட்டாய். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயை மூடிக்கொண்டு.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாயா? இல்லை, நான் பேசுவேன் என்று காத்திருந்தாயா? எதுவாயிருந்தாலும் எனக்குத் தாங்கவில்லை அண்ணா.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. வேறு யாரோ வாசித்துக்காட்டி அவர் இதை அறியக்கூடாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரிடம் போகிறேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்வேன்: அண்ணன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, உங்களிடம் எதையும் மறைக்கவில்லை, கோணிக்குள் இருந்தவன் நான். அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பேன். அச்சில் வந்துவிட்டால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உன் கோணியைப் போட்டுக்கொண்டு போன
தம்பி