கூம்பு இறங்காத கோப்பு

12 சனவரி 1988, பிரெடெரிசியா, டென்மார்க்

இயந்திரங்களுக்குப் பூசும் கிறீஸ் செய்யும் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் என் வேலை இது: கிண்ணத்துக் கிறீஸின் மேல் உலோகக் கூம்பை விடுவது, ஐந்து செக்கன் எண்ணுவது, இறங்கிய ஆழத்தை எழுதுவது. கிறீஸ் இளக்கமானால் கூம்பு கூட இறங்கும். இன்று 27 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் செய்தி எழுதியவனுக்கு இது கஷ்டமில்லை.

மதியம் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவி ஞானேஸ்வரியை இங்கே அழைக்க விண்ணப்பித்துப் பதினொரு மாதம். "பரிசீலனையில் இருக்கிறது."

19 சனவரி

"பரிசீலனையில் இருக்கிறது."

2 பெப்ரவரி

ஆய்வுகூடத் தலைவி கிர்ஸ்டன் விளக்கினாள். கொழுப்பமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு சோப்பு, சவுக்காரம். அதன் இழைகள் எண்ணெயைப் பிடித்து வைத்திருந்தால் கிறீஸ். சும்மா விட்டால் அசையாது. போதிய அளவு அழுத்தினால் ஓடும். கையை எடுத்தால் மறுபடி கட்டி.

எனக்கு அலுவலகம் நினைவுக்கு வந்தது. பொதி கட்டும் தேவராசாவிடம் சொன்னேன்.

"அண்ணை, உந்தக் கூம்பை உங்கட பைலுக்கு மேலயும் ஒருக்கா விட்டுப் பாருங்கோவன்."

பகிடிதான். ஆனாலும் கொப்பியில் கோடு போட்டேன்: திகதி, நேரம், கேட்டவர், பதில், ஆழம். இனி ஒவ்வொரு செவ்வாயும்.

இன்று ஆழம்: 0.

9 ஓகஸ்ட்

சூட்டைக் கூட்டிவிட்டேன். கிறீஸிலிருந்த நூற்றுக்கு ஒரு பங்குத் தண்ணீரும் ஆவியாகி, எண்ணெய் வேறு, சவுக்காரம் வேறு. நான் அந்தத் தண்ணீரை அழுக்கென்று நினைத்திருந்தேன். "அதுதான் இரண்டையும் சேர்த்து வைத்தது," என்றாள் கிர்ஸ்டன்.

ஞானேஸ்வரியின் கடிதம் வந்து இரண்டு மாதம். அங்கே என்ன நடக்குதோ? ஆரிட்டக் கேக்கிறது?

ஆழம்: 0.

7 பெப்ரவரி 1989

கொப்பியில் ஐம்பத்துநான்காவது அழைப்பு. கொப்பியை உள்ளூர் டேனிஷ் பத்திரிகைக்குக் கொடுத்தேன். ஆசிரியர் என் அபிப்பிராயம் கேட்டார். அளவு மட்டுந்தான் இருக்கிறது என்றேன். ஐம்பத்துநான்கு பூச்சியத்தையும் அப்படியே போடுகிறாராம்.

28 பெப்ரவரி

இன்று அலுவலகமே அழைத்தது! கோப்பு "இயல்பான வேகத்தில்" நகர்கிறதாம். இனிப் பத்திரிகைக்கு அளவு கொடுக்க வேண்டாமாம்.

ஆழம்: 3 மில்லிமீற்றர்.

14 யூன்

ஞானேஸ்வரி வந்து மூன்றாம் நாள். தலையில் துவாயோடு குளியலறையிலிருந்து வந்தாள்.

"சவுக்காரம் நுரைக்குதேயில்லை. எங்கட கிணத்துத் தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு!"

"ஓம், சுண்ணாம்புத் தண்ணி. அது சவுக்காரத்தோட சேர்ந்து—"

"அப்ப, இந்தத் தண்ணியில குளிக்க வாறதுக்கோ என்னை ரெண்டு வருஷம் மறிச்சவை?"

கொப்பியை எடுத்தேன். திகதி, நேரம், கேட்டவர்: ஞானேஸ்வரி என்று எழுதினேன். பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.