இடப்பக்க இருக்கை

அன்பு மகள் மரேட்டுக்கு, லாக்கேரனிலிருந்து அம்மா எழுதுவது. நானும் பூனையும் சுகமாக இருக்கிறோம், மழையும் வழக்கம்போல் சுகமாகப் பெய்துகொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் நீயும் மருமகனும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் காரை விற்றுவிடு, எழுபது வயதில் மலைப்பாதையில் ஓட்டாதே, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடு என்று எழுதியிருந்தாய். கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனாலும் நீ சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா இருந்தவரை கடைக்கும் சர்ச்சுக்கும் தவிர நான் அதை ஓட்டியதில்லை. அதே சமயம் இங்கே கார் இல்லாவிட்டால் ரொட்டி வாங்கக்கூட ஆள் தேட வேண்டும். அதனால் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். செப்டம்பர்தோறும் அப்பா நம்மைக் கூட்டிப்போன வழியில் ராட்டகன் மேடு ஏறி கிளெனெல்க் வரை போய்த் திரும்புவது, முடியாவிட்டால் நீ சொன்னபடி விற்றுவிடுவது.

பக்கத்து வீட்டு பெகியைத் துணைக்கு அழைத்தேன். பெரிய துணை, எய்லன் டோனன் கோட்டை வருவதற்குள் பிளாஸ்க் டீயில் பாதியையும் என் பங்கு சாண்ட்விச்சையும் தீர்த்துவிட்டாள். கோட்டை வாசலில் பஸ் பஸ்ஸாக ஜனம், நாங்கள் நிற்கவில்லை. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அந்த மேட்டு ரோட்டில், மூன்றாவது வளைவில் எதிரே வீடு மாதிரி ஒரு வேன் வந்து நின்றது. ஒதுங்கும் இடம் யாருக்குக் கிட்டவோ அவர்தானே பின்னால் போக வேண்டும், எனக்குத்தான் கிட்ட, அதுவும் பள்ளத்தின் ஓரமாக. இரண்டு தடவை தப்பான பக்கம் ஒடித்தேன், காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. "ஜெசி, நான் கண்ணை மூடிக்கட்டுமா, தொறந்து வச்சுக்கட்டுமா, இப்பவே சொல்லிடு" என்றாள் பெகி. வாயை மூடு, அது போதும் என்றேன். மூன்றாம் தடவை அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய் ஒதுங்கிவிட்டேன். வேன்காரர் நன்றிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போனார், அப்பாவுக்கு எல்லாரும் தூக்குவார்களே, அப்படி. அந்த மேட்டில் எனக்கு ஒருவர் விரல் தூக்கியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் பெகி, "அந்த வளைவுல அருவி இன்னைக்கு என்னமா கொட்டிச்சு, பாத்தியா" என்றாள். நான் எங்கே பார்த்தேன், ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே. அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷம் அதே இடத்தில் அப்பா, "தண்ணி எப்படி விழுது ஜெசி, சொல்லேன்" என்று கேட்பார். உங்களுக்குக் கண் இல்லையா என்பேன், சில வருஷம் பதிலே சொல்லாமல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பேன். ரசனை இல்லாத மனுஷர் என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். மரேட், ஓட்டிக்கொண்டு போன உன் அப்பா அந்த அருவியைச் சரியாகப் பார்த்ததே இல்லை. நாம் பார்ப்பதற்காக அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளெனெல்க் போய்ச் சூப் குடித்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். ஆகவே கார் விற்பனைக்கு இல்லை, நானும் எங்கேயும் வருவதாக இல்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க ஆண்டவர் துணையிருப்பார். ஜூனில் வரும்போது மழைக்கோட்டை மறக்காதே, டாக்ஸியும் பேசாதே, இன்வர்னஸ் விமான நிலையத்துக்குக் காரோடு நானே வருவேன். மறுநாளே ராட்டகன் போகலாம். நீ இடப்பக்கம் உட்கார்ந்துகொள். வளைவு வந்ததும் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்பேன், எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஜெசி மெக்ரே