முடிந்த வயது

உன் மகள் நேற்று உன் தூண்டில் பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, அம்மா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ." உன் மனைவி படிக்கட்டில் நின்றாள். உள்ளே வரவில்லை.

அவர்கள் போன பிறகு திறந்தேன். ஈயம். ஈரக் கயிறு. காய்ந்த மீன் செதிலின் வாடை. சில்க்போர்க் நகரில் நாமிருவரும் ஓர் அறையில் இருந்த காலத்தின் வாடை.

நீ போய் மூன்று மாதம். பஸ் தரிப்பில், வேலைக்குப் போகும் வழியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றை நான் சொல்லவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

உன் மனைவியும் மகளும் அப்போது ஊரில், பேசாலையில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட விண்ணப்பம் எழுதியவன் நான். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவன், டெனிஷ் மொழியை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டவன். அதனால் எல்லோருடைய கடிதங்களும் என்னிடம்தான் வரும். நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. பல்கலைக்கழகம் போனவன் என்று கம்பஸ் என்பாய்.

ஒருநாள் ஐந்து வெள்ளைத்தாள்களை நீட்டினாய். ஐந்திலும் கீழே உன் கையெழுத்து.

"ஒவ்வொருக்காலும் உன்னைத் தேடித் திரியேலாது. மேல நீ எழுது."

"விசரா, இப்பிடி ஆரும் குடுப்பாங்களோ? உன்ர சொத்தெல்லாம் எழுதி எடுத்திடுவன்."

"எடன். ரெண்டு சேட்டும் ஒரு சாரமும். சாரம் கிழிஞ்சது."

முதல் தாளில் எழுதும்போது கேட்டேன்: "மகளுக்கு என்ன வயசு?"

"நாலு நடக்குது."

நான்கு என்று எழுதினேன். நம் ஊரில் எவரும் அப்படித்தான் சொல்வார்கள், நடக்கிற வயதை. கேட்பவனும் மனதுக்குள் ஒன்றைக் கழித்துக்கொள்வான். நான் கழிக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தை அதே உறைக்குள்தான் வைத்தேன். அதைப் பார்க்கவுமில்லை.

செப்டெம்பரில் பதில் வந்தது. நீ வேலையில் இருந்தாய். வழக்கம்போல நான் உடைத்தேன்.

பிறப்புப் பத்திரத்தின்படி பிள்ளைக்கு மூன்று வயது. உங்கள் கடிதத்தின்படி நான்கு. இரண்டு எண்களின் கீழும் பேனாவால் கோடு. கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டும் ஒரே பிள்ளைதானா? இரண்டு கிழமைக்குள் பதில் வேண்டும்.

கடிதத்தை இரண்டாக மடித்து மழைச்சட்டையின் வெளிப்பையில் வைத்தேன். நம் இருவருக்கும் ஒரே மழைச்சட்டை. வெளியே போகிறவன் போட்டுக்கொள்வான்.

அன்று பின்னேரம் நீ வேலையால் வந்து சாப்பிடாமலே சொன்னாய்: "காத்துத் திரும்பியிட்டுது. வா, ஏரிக்குப் போவம்."

மீன்பிடி அனுமதிக்கு நாள் அட்டை வாங்கி, வாடகை வள்ளம் எடுத்தோம். வள்ளத்தைக் காலால் தட்டிப் பார்த்தாய். "இது வள்ளமோ, தொட்டிலோ?" என்றாய். மன்னார்க் கடலில் வலை இழுத்தவன் நீ.

நாம் தேடிப் போனது சாண்டார்ட். முதுகில் முள் விரியும் மீன், மங்கிய கண்ணாடி போன்ற கண். கோடை முழுவதும் ஆழத்தில் கிடக்கும். செப்டெம்பரில் நீர் குளிரத் தொடங்கியதும் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரளும். பொழுதுபடுகிற நேரத்தில், அவற்றின் பின்னால் அது மேட்டு விளிம்புக்கு ஏறும். உள்ளூர்க்காரர்கள் காற்றுக்கு மறைவான கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ எதிர்ப்பக்கம் துடுப்பு வலித்தாய், காற்று மோதும் கரைக்கு.

"அங்க தண்ணி கலங்கியிருக்கு. கலங்கின தண்ணியில சின்ன மீனுக்குக் கண் தெரியாது. இவனுக்குத் தெரியும்."

இந்த ஏரியை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து நீயே பிடித்துக்கொண்டாய்.

ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்தாய். தரை சட்டென்று சரியும் இடத்தில் நங்கூரம். செத்த சின்ன மீனைத் தூண்டிலில் கோத்து அடியில் போட்டோம். உன் ஒழுங்கு ஒன்றுதான்: கயிறு விறைப்பாக இருக்கக்கூடாது. சாண்டார்ட் அந்தச் சின்ன மீனை வாயில் எடுக்கும். இழுவையை உணர்ந்தால் துப்பிவிடும். ஆகவே கயிற்றை விரலில் தளர்வாகப் பிடித்து, அது கொண்டுபோகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அலை பலகையில் அறைந்தது. மழைச்சட்டை என்மேல். ஒவ்வொரு முறை குனியும்போதும் பைக்குள் கடிதம் மடங்கியது. அந்தச் சத்தம் உனக்குக் கேட்கிறதோ என்று பார்த்தேன்.

"இண்டைக்குக் கடிதம் ஒண்டும் வரேல்லையோ?"

"இல்லை."

அவ்வளவு சுலபமாக வந்தது.

என் விரலில் ஒரு தட்டு. பிறகு ஒன்று.

"விடு. விடு மச்சான். இப்பத்தான் வாயில வச்சுப் பாக்கிறான். குடு, இன்னும் குடு…"

இழுத்துவிட்டேன். பாரம் ஒரு கணம் இருந்தது. பிறகு இல்லை. மேலே வந்த சின்ன மீனின் இரண்டு பக்கமும் பல் பதிந்திருந்தது.

"அவசரப்பட்டிட்டாய். என்னடா, சட்டையை இழுத்துப் பிடிக்கிறாய்?"

"குளிர்."

கொஞ்ச நேரத்தில் உன் கயிறு போனது. நீ கொடுத்தாய். கொடுத்துக்கொண்டே இருந்தாய். என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு கயிற்றைச் சுண்டி ஒரே வெட்டு. மீன் வள்ளத்துக்குள் விழுந்து முள்ளை விரித்தது.

அளவுகோலை எடுத்தாய். அட்டையில் எழுதியிருந்த ஆகக்குறைந்த அளவுக்கு ஒரு விரல் குறைவு. வாலை நீவிவிட்டு மறுபடி அளந்தாய். அதே ஒரு விரல். கடலில் பிடித்த எதையும் நீ திரும்ப விட்டதில்லை. சுற்றிவர ஒருவருமில்லை. ஆனாலும் மீனை நீருக்குள் பிடித்து, அது வாலை அடிக்கும்வரை இருந்து, விட்டாய்.

"இஞ்ச எல்லாத்துக்கும் ஓர் அளவு இருக்கு" என்றாய். கையைக் கழுவிக்கொண்டே, சிரிக்காமல்: "என்ர பிள்ளையையும் இப்பிடித்தான் வச்சு அளப்பாங்களோ?"

சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். "இருட்டப்போகுது, வலிப்பம்" என்றேன்.

மறுநாள் நூலகத்தில் இருந்து பதில் எழுதினேன். நம் வயதுக் கணக்கை விளக்கி, பிழை எழுதியவனுடையது, ஒரே பிள்ளைதான் என்று. நீ கையெழுத்து வைத்த இன்னொரு தாளில். உனக்குத் தெரியாமல், உன் பெயரில்.

அதன்பின் ஒன்றும் வரவில்லை. மாதங்கள். அங்கே இராணுவச் சுற்றிவளைப்பு என்று செய்தி வரும் நாட்களில் நீ சாப்பிடமாட்டாய். நான் சமைத்து வைப்பேன், நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு எண். நான் எழுதிய ஒரு எண்தான் உன் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் வைத்திருக்கிறது என்று நம்பினேன்.

பிறகு பத்திரிகைகளில் வந்தது. நம்மவர்களின் குடும்ப விண்ணப்பங்கள் அமைச்சரின் உத்தரவில் கிடப்பில் போடப்பட்டிருந்தன. எல்லோருடையதும். உனக்கு வாசித்துச் சொன்னேன்.

"அப்ப, எல்லாருக்கும்தான்" என்றாய். என்னையே பார்த்தாய். "பாத்தியே கம்பஸ், எழுதினவையில ஒரு பிழையுமில்லை."

எனக்குள் ஏதோ இறங்கியது. அத்தனை குடும்பங்கள் கிடந்த செய்தியில் நான் நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதிக்குத்தான் இன்றும் கூசுகிறேன்.

ஏரிக்குப் போய் இரண்டு ஆண்டுகளின் பின் அவர்கள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் உன் மகள் தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். பேச்சுக்காகக் கேட்டேன்: "எத்தனை வயசு உங்களுக்கு?"

"ஆறு."

நீ குனிந்து அவளைத் தூக்கினாய்.

"அஞ்சு, அம்மா. இஞ்ச நடக்கிற வயசு சொல்லக்கூடாது. முடிஞ்ச வயசைத்தான் சொல்லவேணும்."

என் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏரிக்குப் போன மறுநாள் விடிய மழை. பாண் வாங்க நீதான் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு போனாய். நூலகத்தில் நான் கடிதத்தை வெளிப்பையில் தேடினேன். அது உட்பையில் இருந்தது, நனையாத இடத்தில். உனக்கு டெனிஷ் வாசிக்கத் தெரியாது. மகளின் பெயரும், கோடு போட்ட இரண்டு எண்களும் போதும்.

இரண்டு ஆண்டு. ஒரே அறை. நீ கயிற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் கொண்டுபோனேன். நீ வெட்டவில்லை.

அவர்கள் வந்த அடுத்த கிழமை, மிஞ்சியிருந்த ஒரு வெள்ளைத்தாளை உன்னிடம் திருப்பித் தந்தேன். வாங்கவில்லை.

"வச்சிரு. இனியும் கடிதங்கள் வரும்தானே. வேற ஆர் எனக்கு எழுதுறது?"

இந்த மாதம், கிடப்பில் போட்ட அந்தக் கோப்புகளால் இந்த நாட்டு அரசாங்கம் விழுந்தது. நீ இருந்து பார்க்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மேசை இலாச்சியைத் திறந்தேன். தாள் ஓரங்களில் மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. கீழே உன் கையெழுத்து, கடைசி எழுத்தை மேலே இழுத்துவிடும் அதே வளைவு.

நேற்றுப் படிக்கட்டில் இறங்கப்போன உன் மகளிடம் வயது கேட்டேன்.

"ஏழு முடிஞ்சுது, மாமா."

இந்த மடலை வேறு தாளில் எழுதினேன். உன்னுடையது மறுபடி இலாச்சிக்குள். உன் பெயருக்கு மேலே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.