ஆளாளுக்குத் திருத்திய ரிலே

செவ்வாய், இரவு.

பழுது எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, அந்தப் பக்க மின்சாரத்தை மட்டும் துண்டிப்பதுதான் ரிலே கருவியின் வேலை. இன்று பழுது தொழிற்சாலைப் பக்கம். ரிலேயோ மறுபக்கத்து ஜெலுத்தோங் அடுக்குமாடிகளை இருட்டாக்கிவிட்டது. பார்த்தால், ஒயர் தலைகீழாக மாட்டியிருந்தது. மாலையில் நானே சரியாக மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாப்பிடும்போது, கூட வேலை செய்யும் கவிதா போன் செய்தாள். "அண்ணே, ஒயர தொடாதீங்க லா. மத்தியானமே செட்டிங்ல திசைய திருப்பிட்டேன்."

இருவரும் திருப்பியதில் பழைய கோளாறே திரும்ப வந்துவிட்டது. "சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்தினேன்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா? சரி, செட்டிங்க பழையபடி வச்சிடுறேன்."

அப்பாடா என்று படுத்தேன். இப்போது மேலாளரிடமிருந்து செய்தி: "ஒயர் தலைகீழா இருக்காமே. மாத்தி மாட்ட ஆள் அனுப்பிட்டேன். நிம்மதியா தூங்குங்க."

கார்ச் சாவி எங்கே?