வாசிக்காத பெயர்

பதுளை
20.05.2025

அன்புள்ள மாப்பிள்ளை சுரேஸுக்கு, மாமா அழகையா எழுதுவது.

எழுந்து நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம். அதையே சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் இதை எழுதி, பக்கத்து அறை றஷீதாவின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். மதுஷாவின் பெயரைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களைக் கேட்காமல் அதை நான் செய்யக்கூடாது.

கார்த்திகை மழையில் நமுனுகுலையில் மலை சரிந்து இறங்கி நம் தோட்டத்து லயத்து வீடுகளை மூடியது. அதற்குப் பிறகு பதுளை டவுனில் இந்த ஒற்றை அறையில்தான் இருக்கிறோம். ஒரு பக்கம் முஸ்லிம் குடும்பம், மறுபக்கம் சிங்களக் குடும்பம். எல்லாரும் நல்ல மாதிரி. மண்ணைத் தோண்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நம் பிள்ளை மதுஷா கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கவும் உங்கள் அத்தை விடவில்லை.

இந்த மாதம் தேர்தல் வந்தது. லயம் லயமாக ஏறி இறங்கி, அடையாள அட்டை எடுங்க, வாக்குப் போடுங்க என்று மதுஷா எப்படி அலைந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அவளோடு அலைந்தவள்தான் இந்த றஷீதா. இந்த முறை அவள் தனியாகப் போக வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். டவுனில் சிதறிக் கிடக்கும் நம் தோட்டத்து ஆட்களை அறை அறையாகப் போய்ப் பார்த்தோம். பாதிப் பேர் முகம் கொடுக்கவில்லை. அழகர் கதவைப் பிடித்துக்கொண்டே, ஒங்க மக சொல்லித்தானே போன தடவை போட்டோம், வேற எடத்துல காணி கேட்டோம், மலைதான் வந்துச்சு என்றான். அவன் பெண்சாதியும் மண்ணுக்குள்தான் இருக்கிறாள். அவனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை, ஓட்டுக் கேட்க மட்டும் மலையேறி வருகிறவர்கள்மேல்தான்.

மதுஷாவுக்கும் வாக்காளர் அட்டை வந்திருந்தது. கட்சிக்காரன் ஒருவன் அதை மோப்பம் பிடித்து வந்தான். அட்டை சும்மாதானே கிடக்குது, நம்ம பிள்ளை ஒன்னை அனுப்புறோம் என்றான். அவனை நான் வாசலிலேயே விரட்டினேன். செத்தவர் பெயரில் ஓட்டுப் போட வந்த ஒருவனை நம் பிள்ளை பிடித்துத் திருப்பி அனுப்பியவள் அல்லவா? ஆனால் அன்று முழுக்க உங்கள் அத்தை என்னோடு பேசவில்லை. பிறகு சொன்னாள், யாராச்சும் ஒருத்தி அவ பேருக்கு ஆமான்னு சொல்லிட்டுப் போகட்டுமே, என்ன கொறஞ்சு போகுது என்று.

வாக்களிப்பு அன்று பஸ் பிடித்து நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே போனோம். அங்கே ஆளைப் பார்த்து அட்டையை வாங்கி, பெயரை எல்லாருக்கும் கேட்க உரக்க வாசிப்பார்கள். என் பெயரை வாசித்தார்கள், பிறகு உங்கள் அத்தை பெயரை வாசித்தார்கள். எங்கள் வீட்டில் அடுத்தது மதுஷா. உங்கள் அத்தை விரலில் மை வைத்துக்கொண்டு, வாக்குச் சீட்டையும் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்த பேரையும் ஒரு தடவை வாசிங்க ஐயா என்று கேட்டாள். பெரிய அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான மனுசன். ஆள் வந்தால்தான் அம்மா வாசிக்கலாம் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான், ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், பேரை அடிக்கலேல்ல, வந்தா வாசிப்பேன்னுதானே சொல்றாரு, அப்ப இன்னும் வரலேன்னுதானே அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். அன்று வீட்டில் ஒழுங்காகச் சமைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் கிராம சேவகர் புதிய வாக்காளர் பதிவுக்கு வருகிறார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அத்தைக்கு எழுத்துத் தெரியாது, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வாள். மதுஷாவை எழுதினால் அது பொய். அந்தப் பொய்யை நம் பிள்ளையே ஒத்துக்கொள்ள மாட்டாள். எழுதாமல் விட்டால், பெற்ற நானே அவளை அழித்தது போல.

புருஷன் நீங்கள். நாளைக்கு ஒரு தடவை போன் எடுத்து, எழுத வேண்டாம் மாமா என்று உங்கள் அத்தை காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். என்னால் முடியவில்லை. நான் சொன்னால் அவள் நம்பவும் மாட்டாள். உங்களுக்கும் இது லேசான காரியம் இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அந்த வெளிநாட்டு வெயிலில் அதிக நேரம் நின்று வேலை செய்யாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முருகன் காப்பாற்றட்டும், நீங்களாவது நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
அழகையா