முழுக் கட்டுரை மட்டும்

மார்ச் 4, செவ்வாய்
வேலைக்குப் போனேன், வந்தேன். நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

மார்ச் 6, வியாழன்
எங்கள் இணைய வழிகாட்டியில் ஏதோ தப்பு என்று தலைமை நூலகர் கூப்பிட்டுச் சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து தொடங்கியது அது. அவர் தொடர்பியல் துறையில் ஆசிரியர், நான் இங்கே நூலகர். எந்தக் கட்டுரையை எங்கே, எப்படித் தேடுவது என்று மாணவர்களுக்காக எழுதிய பக்கங்கள். அவர்களும் உள்ளே போய்ச் சேர்க்கலாம், திருத்தலாம். யார் கை வைத்தாலும் எங்கள் இருவருக்கும் தகவல் வரும். அவர் முழ நீளத்துக்கு எழுதுவார், நான் வெட்டுவேன். "வெட்டிட்டியா? இப்ப நிம்மதியா?" என்று அங்கேயே குறிப்பு எழுதுவார் — வீட்டில் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு.

அவர் கண்ணை மூடியதிலிருந்து நான் அதைத் திறக்கவே இல்லை. தகவல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

மார்ச் 7, வெள்ளி
மூன்றாவது மேசைக்காரி வந்தாள். முதுகலை மாணவி, எப்போதும் அந்த மேசைதான். சமுதாய வானொலி கேட்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு. 'இதை இதுவரை யாரும் ஆராயவில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். எத்தனையோ பேர் ஆராய்ந்தாயிற்று என்று பேராசிரியர் முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சத்தியமா தேடினேன் மேடம். ஒண்ணுமே வரல. உங்க பக்கத்துல போட்டிருந்தபடிதான் தேடினேன்."

நாங்கள் போட்டதல்ல. 'முழுக் கட்டுரை மட்டும்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள், நேரம் மிச்சம் என்று யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்திருக்கிறான். டிக் செய்தால், அங்கேயே திறந்து படிக்கக் கிடைப்பவை மட்டும்தான் வரும். மற்றவை கண்ணிலேயே படாது. டிக்கை எடுத்துக் காட்டினேன். கட்டுரைகள் பக்கம் பக்கமாக வந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 10, திங்கள்
தலைமை நூலகர் சொன்னார்: "அந்த வழிகாட்டியைப் பூட்டிடலாம்மா. நம்ம ஆளுங்க மட்டும் எழுதட்டும். திறந்து வைக்கணும்னா பொறுப்பாளர் ரெண்டு பேர் வேணும். இப்ப நீங்க ஒருத்தர்தானே..." முடிக்கவில்லை. வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பூட்டினால் அவர் எழுதியது அப்படியே இருக்கும். யாரும் தொட மாட்டார்கள். நல்லதுதானே? யாருக்கு நல்லது?

மார்ச் 11
ஒன்றுமில்லை.

மார்ச் 13, வியாழன்
மூன்றாவது மேசைக்காரி அந்த வரியைத் தானே எடுத்துவிட்டாள். டிக் செய்தால் என்ன ஆகும் என்று விளக்கியும் எழுதியிருக்கிறாள், வளவளவென்று. "இன்னொருத்தி ஏமாறக் கூடாதுல்ல, மேடம்."

பொறுப்பாளராக இருக்கிறாயா என்று கேட்டேன்.

"நானா? ஏமாந்தவளைப் போய்க் கேக்கறீங்களே!"

"அதனாலதான் கேக்கறேன்."

மார்ச் 14, வெள்ளி
பொறுப்பாளருக்கு இரண்டே இடம்தான்; அவள் பெயரைச் சேர்க்க அவர் பெயரை எடுக்க வேண்டும். 'நீக்கவா?' என்று திரை கேட்டது. பாவி மனுஷன், என் கையாலேயே செய்ய வெச்சுட்டாரே. அழுத்தினேன். அவர் எழுதியதெல்லாம் இருக்கிறது. பெயர் மட்டும் போயிற்று. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 17, திங்கள்
அவள் எழுதிய விளக்கத்தை மூன்று வரியாக வெட்டினேன். உடனே குறிப்பு வந்தது: "ஏன் மேடம் வெட்டினீங்க? நல்லாதானே இருந்துச்சு!" நல்லா இல்லை என்று எழுதினேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. மதியம் தாண்டியும் சண்டை.

நாத்தனார் போன். "அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. பசி உயிர் போகுது."